ஒரு கூடை ஏரி மண்

பச்சையும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டுப் பின்னிய ஒயர் கூடை அது. கரையான்சாவடியில் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறி, அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அடியில் மண், மேலே சோற்று டப்பா. முதல் நாள் எனக்கு அது தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கும்போது வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். "வேணாம் நைனா, கனமா கீது" என்றவர், கட்டுப் போட்ட காலை மெல்ல ஊன்றித் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் ஊரில் ஒரு வருஷம் தங்கினாலே அதிகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் பல்சக்கரம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் லோடு ஏற்றப் போனேன். அக்கா அங்கே பேக்கிங். நாற்பது வயது, கனத்த உடம்பு. அவர் குடும்பம் பூந்தமல்லிப் பக்கம் நடவுக்கும் களை எடுக்கவும் போன குடும்பம். அப்போது வரப்பில் முளைத்த கீரையை யாரையும் கேட்காமல் கிள்ளிக்கொண்டு வருவார்களாம். வயல் மனைகளானது, வரப்பும் போனது. கம்பெனிக்கு வந்த பிறகுதான் உடம்பு ஏறியது. "கம்பெனி சோறு ஒத்துக்கினு கீது உனக்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்ல, அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

நாங்கள் சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசிச் சோறு, ரேஷன் பாமாயிலில் வதக்கிய உருளைக்கிழங்கு. நாலு மணிக்கு கேட்டுக்கு வெளியே பஜ்ஜி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. ஓவர்டைம் இருந்தால் பரோட்டா. அந்தக் காசுக்கு வயிறு நிறைய வேறெதுவும் கிடைக்காது. கீரைக்காரி தெருவுக்கு வருவது ஏழு மணிக்கு மேல்; அக்கா ஆறு மணிக்கே பஸ் ஏறிவிடுவார். திரும்பும்போது கடையில் இருப்பது வாடிப்போன கட்டு, அதுவும் இருந்தால். எங்கள் முதலாளி ஒல்லி. அவர் டப்பாவில் வெள்ளரிக்காயும் பப்பாளித் துண்டும் இருக்கும். தொழிலாளிகள் எங்களுக்கோ தொப்பை. நான் சுற்றிய ஊர்களில் இது தலைகீழாக இருந்தது.

காலில் பெட்டி ஆணி குத்திய காயம் அக்காவுக்கு இரண்டு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, சோற்றையும் எண்ணெயையும் குறை, கீரையும் காயும் சாப்பிடு, இல்லையென்றால் விரல்களை எடுக்க வேண்டி வரும் என்றார். விரல் போனால் நாளெல்லாம் நின்று செய்கிற வேலையும் போகும். மத்தியானச் சோற்று நேரத்தில் அக்கா இதைச் சொல்லிவிட்டு, "கீரை துன்னுன்றாரு. எங்க கீது கீரை? இங்க பச்சையா கீறது மிஷினுக்கு அடிச்ச பெயிண்ட் ஒண்ணுதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்த வாரம் ஷெட்டுக்குப் பின்னால், நாங்கள் டப்பா கழுவும் குழாயடியில் விதை தூவினார். இரும்புச் சீவலும் எண்ணெயும் ஊறிய மண், ஒன்றும் முளைக்கவில்லை. அவர் குடியிருந்ததோ, நாலு குடித்தனத்துக்கு ஒரு குழாய் உள்ள வீட்டில் ஓர் அறை. ஒரு தொட்டி வைக்க இடம் இல்லை. அதனால் கழித்துப்போட்ட மரப்பெட்டிகள் மூன்றைக் கேட்டு வாங்கிக் குழாயடிச் சுவரோரம் வைத்தார். அவருடைய புருஷன் சைக்கிளில் ஏரி மண் மூட்டை கொண்டுவந்து வீட்டு வாசலில் போட்டார். மூட்டையை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் தினம் ஒரு கூடை. "இன்னாம்மா, ஏரியையே தூக்கினு போயிடுவ போலகீதே, அதுக்கும் டிக்கெட் எடு" என்பார் கண்டக்டர். "ஏரிக்கு டிக்கெட் வயசு ஆவட்டும், எடுக்கறேன்" என்பார் அக்கா. மூன்று பெட்டியும் நிரம்ப ஒன்றரை மாதம் ஆனது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட பெட்டியைத் தொடக்கூடாது. குறி இல்லாத பெட்டி லோடுக்கு. அக்கா விதைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவசர லோடு, பெட்டி போதவில்லை. தேடிக்கொண்டு பின்னால் போனேன். மூன்று பெட்டி நிறைய மண். குறியும் இல்லை, முளையும் இல்லை. அக்காவின் மண் என்று அந்த அவசரத்தில் தோன்றவில்லை; ஏதோ கட்டட வேலை மண் என்று நினைத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பெட்டிகளைக் கழுவி ஏற்றி அனுப்பினேன். சுறுசுறுப்பானவன் என்று பெயர்கூட வாங்கினேன்.

திங்கட்கிழமை அக்கா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் என்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் சாக்கடையை எட்டிப் பார்த்தார். "மண்ணுதானே நைனா. ஏரி இன்னும் அங்கதான் கீது" என்றார். மறுநாள் காலை மடியில் அதே கூடை. நானும் சுமக்கிறேன் என்றதற்கு, "நீ குறி போடு, அது போதும்" என்று சொல்லிவிட்டார். புதுப் பெட்டிகள் மூன்றில் நாலு பக்கமும் பெருக்கல் குறி போட்டேன்.

இரண்டாம் முறை பெட்டி நிரம்புவதற்குள் அவருடைய சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். என் தவறால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்து நாள் கழித்து நொண்டிக்கொண்டு வந்தவர், "குறி அழியாம கீதா?" என்றுதான் முதலில் கேட்டார். கையில் கூடை இருந்தது.

பெட்டிகள் நிரம்பி, விதைத்த மூன்றே வாரத்தில் சிறுகீரை எழுந்தது. 'இந்தப் பக்கம் மேலே' என்று பெட்டியில் அம்புக்குறி அச்சடித்திருக்கும். கீரை அதற்குக் கீழ்ப்படிந்தது போல நிமிர்ந்து நின்றது. ஷெட்டிலிருந்த அத்தனை பேரும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தோம். எத்தனையோ ஊரில் கோபுரம் பார்த்திருக்கிறேன். அப்படி வாய் பிளந்து நின்றதில்லை. காயம் பொங்கலுக்கு முன் மூடியது. மற்ற நாலு விரலும் தங்கின. வேலையும் தங்கியது. கோடையில் நான் வேறு ஊர் கிளம்பிவிட்டேன்.

இப்போது ஐயப்பன்தாங்கலில் செக்யூரிட்டி வேலை. காவல் காக்கிற கட்டடத்தில் இருப்பவர்கள் ஒல்லி. கீழே கடையில் சுத்தம் செய்த கீரை குளிர்பெட்டிக்குள் இருக்கிறது. எங்கள் வேலை முடியும்போது பரோட்டாக் கல் மட்டும்தான் சூடாக இருக்கும். எனக்கும் தொண்ணூறு கிலோ, சர்க்கரை. அன்று அக்காவுக்குச் சொன்னதையே என் டாக்டரும் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஒயர் கூடை வாங்கி, ஏரிக்கரைக்குப் போய் மண் அள்ளினேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் இரண்டு இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அக்கா சொன்னது சரிதான். கனமாகத்தான் இருந்தது.