நான் ஏறாத பதினெட்டு அடி: கச்சிராயபாளையம் ராட்டினம்

கேளிக்கைப் பூங்காக்களையும் அவற்றைக் கட்டியவர்களையும் பற்றி எழுதிவரும் இந்தப் பக்கத்துக்கு இரண்டு விதமான கடிதங்கள் வருகின்றன. "நேரில் பார்த்த ராட்டினக்காரர் யாரையாவது பற்றி எழுதுங்கள்" என்பது ஒன்று. "கல்வராயன் மலைக்கு எப்படிப் போவது?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பயணம்தான். இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

எண்பதுகளின் பின்பாதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம். கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் கடலூரில் அரசு வேலையில் இருந்த இளம் பொறியாளன். பொருட்காட்சி ராட்டினங்களைச் சோதித்து உறுதிச் சான்று தருவது என் தலையில் விழுந்த வேலைகளில் ஒன்று. கச்சிராயபாளையத்திலிருந்து ஏழுமலை என்பவர், "சொந்தமாக ராட்டினம் செய்திருக்கிறேன், திருவிழாவுக்கு முன் வந்து பார்க்கவும்" என்று மூன்று முறை மனு போட்டிருந்தார். அந்தக் காலத்தில் கிராமத்து ராட்டினத்துக்குச் சான்று கேட்பார் யாருமில்லை. போலீஸ் தொந்தரவைத் தவிர்க்கக் காகிதம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை 5.40க்குக் கடலூரில் பஸ். டிக்கெட் பத்து ரூபாய். எலவனாசூர்கோட்டை தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்துக்கிடந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர் என் பையைப் பார்த்து, "இன்னா சார், எங்க போறீங்க?" என்றார்.

"கச்சிராயபாளையம். ராட்டினம் பார்க்க."

"டேய், இங்க ஊரே பத்திக்கினு எரியுது, சாரு ராட்டினம் சுத்தப் போறாராம்டா!" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கை கொடுத்து மரத்தைத் தாண்டவும் விட்டார்கள். "பாத்துப் போங்க சார். தியாகதுருகம் வரைக்கும் நடைதான்."

அது பதினோரு கிலோமீட்டர். வெயிலில் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தேன். புத்தி கெட்டவன், வேறென்ன சொல்ல. வழியெல்லாம் நான் படித்த கதைகளை நினைத்துக்கொண்டே போனேன். அமெரிக்காவில் முதல் ராட்சதச் சக்கரத்தைக் கட்டியவரும் ஒரு பொறியாளர்தான், பாலம் கட்டுகிறவர். பாரிஸ் கோபுரத்தை மிஞ்ச ஏதாவது வேண்டும் என்று கண்காட்சிக்காரர்கள் கேட்க, சுற்றுகிற ஒன்றைச் செய்து கொடுத்தார். ஊரே ஏறிச் சுற்றியது. அவர் வழக்கும் கடனுமாக அலைந்து நாற்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார். நம் திருவிழாக்களில் நாலு மரப்பெட்டியைக் கையால் தள்ளிச் சுற்றிய காலம் அதற்கும் முந்தியது. அதைச் செய்த தச்சனின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் பிழைப்பு எங்கும் இப்படித்தான் போல என்று நினைத்தபோது குதிகால் கொப்புளம் உடைந்தது.

தியாகதுருகத்திலிருந்து ஒரு டிராக்டர். கள்ளக்குறிச்சியில் லாட்ஜ், வாடகை பதினைந்து ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம். மறுநாளும் பஸ் இல்லை. கச்சிராயபாளையம் பதினைந்து கிலோமீட்டர். பாதி தூரம் கரும்பு வண்டியில், மீதி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. (பூட்ஸை லாட்ஜ்காரரிடமே கொடுத்து, மேலே இரண்டு ரூபாயும் கொடுத்து, அவருடைய பழைய ரப்பர் செருப்பை வாங்கியிருந்தேன். அதுவும் கடித்தது.) போய்ச் சேர்ந்தபோது மணி நாலு.

ஊருக்கு வெளியே, கோமுகி அணைக்குப் போகிற வழியில், கரும்பு வெட்டிய வயலில் ராட்டினம் நின்றது. எட்டுப் பெட்டி, முப்பத்திரண்டு அடி உயரம், மயில் நீலத்தில் புதுப் பெயிண்ட். பின்னால் கல்வராயன் மலை. ஏழுமலைக்கு நாற்பது வயதிருக்கும். கரும்பு ஆட்டும் ஆலைகளுக்கு ரிப்பேர் பார்க்கிறவர். மெட்ராஸ் பொருட்காட்சியில் ஒரு ராட்டினத்தைப் பார்த்துவிட்டு, ஏறாமல் மூன்று நாள் கீழே நின்று பார்த்து, சிகரெட் அட்டையில் படம் போட்டுக்கொண்டு வந்தாராம். பழைய ஆலையின் உருளைத் தண்டுதான் நடு அச்சு. அந்த அச்சு தரையிலிருந்து பதினெட்டு அடி உயரத்தில் இருந்தது.

நாளைக்குத் திருவிழா. மலையிலிருந்து ஜனங்கள் இறங்கி வருவார்கள். அடியில் நின்ற பெட்டியில் அவர் மகள், பத்து வயது, காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். "கட்டினவன் வூட்டு ஆளுங்கதான் சார் மொத சுத்து சுத்தணும். அப்பறம்தான் ஊரு ஏறும். அது எங்க பழக்கம்" என்றார் அவர் மனைவி செல்லம்மா. இடத்தை யாரும் பிடித்துவிடக் கூடாதென்று மகள் சாப்பிடக்கூட இறங்கவில்லையாம்.

ஏழுமலை ஏணியைச் சாத்தி, தாம்புக் கயிற்றை என்னிடம் நீட்டினார். "ஏறிப் பாத்துடுங்க சார்."

அப்போதுதான் தெரிந்தது, நாலரை மணிக்கு ஒரு பால் வண்டி குறுக்குப் பாதையில் சின்னசேலம் போகிறதென்று. சின்னசேலத்தில் ரயில் ஓடுகிறதாம். அதை விட்டால் எனக்கு மறுபடி நடைதான். தூண்களைக் கையால் தட்டினேன். காலால் ஒரு உதை விட்டேன். மகள் உட்கார்ந்திருந்ததால் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துக் காட்டச் சொன்னேன். சத்தமில்லாமல் அசைந்தது. "கீழே இருந்தே தெரிகிறது, நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி, காய்ந்த கரும்புச் சோகை மேல் உட்கார்ந்து சான்று எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டேன். எல்லாம் பதினைந்து நிமிடம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை ஓடிவந்து காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இத்த நீங்களே வச்சிக்குங்க சார்."

"ஏன்? ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?"

"நீங்க மேல ஏறலயே சார். பேப்பரு வேணும்னா தாலுக்காபீஸ் வாசல்ல உக்காந்துக்கினு இருக்கறவன் எழுதிக் குடுத்துருவான். கட்டினவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது சார். வேற ஒரு கண்ணு வேணும்னுதான் மூணு வாட்டி எழுதிப் போட்டேன். நாளிக்கு என் பொண்டாட்டியும் புள்ளயும் அதுலதான் குந்துறாங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். கோபம் வந்தது எனக்கு, ஏழுமலை மேல். சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். இறங்கினேன். வண்டி போய்விட்டது.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். கொப்புளம் ஏணிப்படியில் பட்டு உயிர் போனது. மேலிருந்து அணைத் தண்ணீர் தெரிந்தது. சமவெளிப் பக்கம் எங்கோ டயர் எரிகிற கரும்புகை தெரிந்தது. அச்சைச் சுற்றியிருந்த தட்டில் ஆரக்கால்களைப் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். ஐந்தாவதில் பெயிண்ட் நகத்தில் உரிந்து வந்தது. அதற்கடியில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். பையிலிருந்த சுத்தியால் தட்டினேன். மற்றவை கணீரென்றன, அது மட்டும் சொத்தையாக ஒலித்தது.

ஏழுமலையை ஏறச் சொன்னேன். அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"மறுபடி வெல்டிங் வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"இங்க கரண்டும் இல்ல, சிலிண்டரும் இல்ல சார். வெல்டிங்காரன் கள்ளக்குறிச்சியில மாட்டிக்கினான். மரம் வெட்டிப் போட்டது எங்க ஆளுங்கதான். கேக்க வேண்டியதத்தான் கேக்கறாங்க, அவங்கள நான் இன்னா சொல்றது?" என்றார். பிறகு கீழே பார்த்து, "புள்ளய எறக்கு செல்லம்மா. இந்த வருசம் இல்ல" என்றார்.

செல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கெளம்புன மனுசன வண்டியிலர்ந்து எறக்கிக் கூட்டியாந்து ஒன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியா? ஒலகத்துல எவனாவது இப்புடி செய்வானா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே மகளைத் தூக்கி இறக்கினார். அந்தப் பெண் பெட்டிக் கம்பியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இரவு எனக்குச் சோறு போட்டதும் செல்லம்மாதான். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் மலை ஜனங்கள் இறங்கி வந்து, சுற்றாத ராட்டினத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் சின்னசேலத்துக்கு நடந்தேன். அடுத்த வருடத் திருவிழாவில் அது சுற்றியதென்று கடிதம் வந்தது. சான்று கொடுக்க அந்த முறை வேறொருவர் போனார்.

இப்போது போகிறவர்களுக்கு: சாலை நன்றாக இருக்கிறது. ரயிலில் வந்தால் சின்னசேலத்தில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் பிடியுங்கள். அங்கிருந்து கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. மலைக்குப் பஸ் கம்மி; திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியென்றால் பெட்ரோலை அடிவாரத்திலேயே போட்டுவிடுங்கள். அருவிகளில் கோடையில் தண்ணீர் இருக்காது. மழைக்குப் பிறகு போங்கள். பாறை வழுக்கும். புது ஷூ வேண்டவே வேண்டாம்.

பூங்கா கட்டியவர்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாயே, அவர்கள் மேல் அப்படியென்ன பாசம் என்று வீட்டில் கேட்கிறார்கள். பாசமில்லை. ஏழுமலைக்கு முன்னால் பதினொரு ராட்டினங்களுக்குச் சான்று கொடுத்திருந்தேன். ஒன்றில்கூட ஏறிப் பார்க்கவில்லை. அவற்றின் முதலாளிகள் எல்லோரும் காகிதத்தை வாங்கிக்கொண்டு, கும்பிட்டு, என்னைப் பஸ் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.