குளிரில் வந்த ஆத்தா

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். சொன்னபடி நடந்திருக்கலாம். செஞ்சிக்காரனுக்கு அந்தப் புத்தி எங்கே வரும்? நேராகப் போய் ராஜகிரி மலையில் ஏற ஆரம்பித்தேன்.

ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. இறங்கி வந்த பிறகுதான் கூத்து. ஊரே புழுங்கிக்கொண்டிருக்கும், எனக்கு மட்டும் குளிரெடுக்கும். முதலில் விரல் சில்லிடும், அப்புறம் தோள் உதறும், கடைசியில் பல் தந்தியடிக்கும். டாக்டரிடம் சொன்னேன். "வெறும் வயித்துல ஏறாதீங்க. வேர்வை சட்டைய உடனே மாத்துங்க. ஈரத்தோட காத்துல நிக்காதீங்க" என்றார். மூன்றும் நல்ல யோசனைகள். ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. மாற்றுச் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு மலையேற நான் என்ன சினிமா நடிகனா?

வீட்டில் அதைவிடப் பெரிய தலைவலி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஒரே மகள் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவலூர்பேட்டையில் இருந்தாள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்துப் பயணம். என் மனைவிக்கோ அது வெளிநாடு. அவளுடைய அண்ணன் தம்பிகள் "அந்த ஊட்டு வாசப்படிய மிதிச்ச, எங்கள மறந்துடு" என்று சொல்லிவைத்திருந்தார்கள். மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். "அம்மா வந்தா வளையல் போட்டுக்கறேன் நைனா. இல்லன்னா வளைகாப்பே வேணாம்" என்று போனில் சொல்லிவிட்டாள். நான் தினமும் மனைவியிடம் மன்றாடுவேன். "ஆத்தா சொல்லட்டும், போறேன்" என்று தெருமுனை அம்மனைக் கைகாட்டுவாள். ஆத்தா எப்போது சொல்வது, பிள்ளை எப்போது பிறப்பது?

ஆடி மாத ஞாயிறு. காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மலையேறி, சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு வேர்வை வரும் என்கிற நிலையில் வண்டியை எடுத்தேன். ஆடிக்காற்று வழியெல்லாம் முகத்தில் அறைந்தது. எங்கள் தெரு முனையில் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் பந்தல். வழி அடைத்துவிட்டார்கள். வண்டியை நிறுத்தி இறங்கியதுதான் தாமதம், வழக்கமான நடுக்கம் பிடித்துக்கொண்டது.

பம்பைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். சாமி கும்பிடாத ஆள், கூழுக்கு மட்டும் வருகிறவன், தலைமுதல் கால்வரை நனைந்து உதறிக்கொண்டு நிற்கிறான். அவருக்கு வேறென்ன தோன்றும்? அடியை வேகமாக்கினார்.

"வந்துட்டாடி! ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

சாமி வந்த உடம்பு கொதிக்கும் என்பது எங்கள் தெருவின் விஞ்ஞானம். உடனே ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்கள். நடுக்கம் இரட்டித்தது. நடுக்கம் கூடியதால் இன்னொரு குடம். பம்பை இன்னும் வேகம். வேப்பிலைக் கொத்து ஒன்று கைக்கு வந்தது. ஐயா, எனக்குக் குளிருகிறது, ஒரு துண்டு கொடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தால் பல் மட்டும்தான் பேசுகிறது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். கூழ்ப்பானையைக் கீழே வைத்தாள். என் காலில் விழுந்தாள். கல்யாணத்தன்று ஐயர் சொல்லி விழுந்தவள், அதன் பிறகு அந்தப் பக்கமே வந்ததில்லை.

"தாயே, எம்பொண்ணு முழுவாம இருக்கா. நான் போவணுமா, வாணாமா? நீயே ஒரு வாக்கு சொல்லு."

பம்பை நின்றது. கூட்டத்தில் அவளுடைய பெரிய அண்ணனும் கைகட்டி நின்றிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தாள். மகள் வீட்டை விட்டுப் போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. குளிருது என்று இப்போது சொன்னால் தெருவே சிரிக்கும். அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். அதன் பிறகு எந்தச் சாமியிடமும் கேட்கமாட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "போ" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "இன்னிக்கே போ. மூணு மணி பஸ்ஸு கூட்டமா இருக்கும். அதுக்கு முன்ன வர்றதுல ஏறு."

பூசாரி ஒரு கணம் விழித்தார். ஆத்தா பஸ் நேரம் சொல்லி அவர் கேட்டதில்லை. ஆனாலும் சமாளித்துக்கொண்டு கற்பூரத்தைக் காட்டினார். பெரிய அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கம்பளியைச் சுற்றிவிட்டு, சூடான டீயைக் கையில் கொடுத்தாள்.

"ஆத்தாவுக்கு பஸ் டைம்லாம் தெரியுமாய்யா?"

"எல்லாம் அறிஞ்சவ" என்றேன்.

"மலையேறினா நீ நடுங்குவன்னு எனக்குத் தெரியாதா? தெனம் உன் ஈரச் சட்டைய யாரு தோய்க்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுதான் கால்ல வுழுந்தியா?"

"பின்ன? நீ சொல்லி நான் போனா எங்கண்ணன் சும்மா வுடுமா? இப்ப ஆத்தாவே சொல்லிட்டா. எவன் வாயத் தொறப்பான்?"

"அப்ப அழுததும் நடிப்பா?"

அவள் பையில் புடவையை வைத்தாள். கண்ணாடி வளையல் பொட்டலத்தைத் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் செருகினாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமல், "அது நெசம்" என்றாள்.

நான் டீயைக் குடித்தேன். நடுக்கம் மெல்ல அடங்கியது.

"எழுந்து குளிய்யா. மாப்ள ஊட்டுக்கு மஞ்சத் தண்ணியோடவா வருவ?" என்றாள்.

அதுவரைக்கும் அவள் அந்தப் பையனை 'அவன்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.