சீர்த் தட்டில் வந்த முள் சப்பாத்து

சீர்த் தட்டில் சப்பாத்து வைத்த தாய்மாமன் மலாக்காவிலேயே என் மாமா ஒருவராகத்தான் இருப்பார். எனக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு நடந்தது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் எங்கள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு, அப்பா தன் சக்திக்கு மேலேயே செய்தார். செங் வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை பார்த்துவந்த மாமா பதினொரு தட்டுகளோடு வந்து இறங்கினார். பத்துத் தட்டுகளில் சேலை, வளையல், மஞ்சள், குங்குமம், பழம், பிஸ்கட் டின் என்று எல்லா மாமாக்களும் வைப்பது. பதினொன்றாவது தட்டில் தங்கத்தாள் சுற்றிய பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே கொலுசு இருக்கும் என்று அம்மாகூட நம்பிவிட்டாள்.

அப்பா அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, மணையில் உட்கார்ந்திருந்த என் முன்னால் வைக்கும்வரை மாமா வாயே திறக்கவில்லை. வைத்த பிறகுதான் தாளைப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி சாப்ட்பால் சப்பாத்து. கறுப்புத் தோல், புது நாடா, அடியில் வரிசையாக இரும்பு முள்.

மாமா அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. நான் பள்ளிக்கூட சாப்ட்பால் குழுவில் இருந்தேன். அடிப்பதில் சுமார்தான், ஓடுவதில் கெட்டி. வயதுக்கு வந்த அன்றே அப்பா, இனிமேல் பந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் மூன்று நாள் மூலையில் உட்கார்ந்து அழுதேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு மெச்சினார்கள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டவர் மாமா மட்டும்தான்.

"தட்டைக் கையிலே வாங்கிட்டீங்க மச்சான். சீரைத் திருப்பி அனுப்ப முடியாது லா," என்று மாமா சபை கேட்கும்படி சொன்னார்.

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. மறுத்தால் அம்மாவின் பிறந்த வீட்டையே மறுத்ததாக ஆகிவிடும். ஒத்துக்கொண்டால் மகள் மறுபடியும் திடலுக்குப் போவாள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒத்துக்கொண்டார். மஸ்ஜித் தானாவிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மங்கலத் தட்டில் இரும்பையும் செருப்பையும் வைக்கலாமா என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தையின் மகள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள், மச்சி என்று கூப்பிடுவேன். ஒரு சப்பாத்தை எடுத்து என் மாலைக்குப் பக்கத்தில் பிடித்துப் படம்கூட எடுத்துக்கொண்டாள்.

மச்சியும் சாப்ட்பால்காரிதான். மஸ்ஜித் தானாவில் அவள் படித்த பள்ளிக்கு அவள்தான் தலைவி, ஓடி வருகிறவர்கள் தொட வேண்டிய இரண்டாம் பேஸில் நிற்பவள். அடுத்த மாதம் மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்க இருந்தார்கள். மாநிலத்துக்கு ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால் ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அத்தை வீட்டில் படிக்கவைக்க வசதி இல்லை, வேறு வழியும் அவளுக்கு இல்லை.

ஆள் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு அவர்கள் பள்ளியும் எங்கள் பள்ளியும் ஒரு நட்பு ஆட்டம் வைத்துக்கொண்டன. காலையில் நல்ல மழை. திடல் செம்மண் சேறாகக் கிடந்தது. நான் மாமாவின் சீரை மாட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் டக் டக்கென்று நடந்து வந்தேன். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதைக் கேட்டுத்தான் அவர்களுடைய சிக்கு, ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், திரும்பிப் பார்த்தார்.

இரும்பு முள் கூடாது என்றார் அவர். எங்கள் ஆசிரியை விடவில்லை. இந்தச் சேற்றில் ரப்பர் வழுக்கும், பிள்ளை விழுந்து முட்டி போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். வழுக்கினால் வழுக்குகிற பிள்ளைக்கு அடி, முள் குத்தினால் எதிரே நிற்கிற பிள்ளைக்கு அடி, இரண்டும் ஒன்றா என்று அவர்களுடைய ஆசிரியர் திருப்பிக் கேட்டார். இருவரும் மலாயில் மரியாதையாகவே வாதாடினார்கள். நட்பு ஆட்டம் என்பதால் எடுத்துக் காட்ட விதித் தாள் எதுவும் இல்லை. கடைசியில், எதிர்க் குழுத் தலைவிக்குச் சம்மதம் என்றால் போட்டுக்கொள்ளட்டும் என்று முடித்தார்கள்.

அப்படித்தான் என் சப்பாத்தின் விதி மச்சியின் கைக்கு வந்தது. அவள் என் காலைப் பார்த்தாள். நான் முகத்தை எவ்வளவு பாவமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, தன் ஆசிரியரிடம் சரி என்று தலையாட்டினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"போட்டுக்கடி. உன் மாமா சண்டை போட்டு வச்ச சீரு. என் பேஸுக்கு வரும்போது மட்டும் காலைத் தாழ்த்தி வா லா, சரியா?"

சரி என்றேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான்காவது இன்னிங்ஸில் நான் முதல் பேஸில் இருந்தேன். பந்து போடுகிறவள் கையைவிட்டுப் பந்து போனதும், இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பந்து வந்து சேரும் முன் தொட்டுவிட, ஓடினேன். முள் மண்ணைக் கவ்விய கவ்வலில் என்னைப் பிடிக்க உலகத்திலேயே ஆள் கிடையாது என்று நினைத்தேன். பாதி வழியில் பந்து என் தலைக்கு மேல் போவது தெரிந்தது. மச்சி கையுறையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவுட் ஆகிவிடுவேன் என்ற பயத்தில் காலை நீட்டிச் சறுக்கிப் பாய்ந்தேன். கால் தாழவில்லை. வலது கால் மேலே எழும்பிப் போனது.

அவள் பெரிதாகக் கத்தவில்லை. "அம்மா" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். குதிகாலுக்கு மேலே காலுறை கிழிந்து தொங்கியது. ஆசிரியர்கள் ஓடி வந்து துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். சேற்றில் நான் சறுக்கிய தடம் நீளமாக வந்து, கடைசியில் வலது பக்கமாக வளைந்திருந்தது. வெள்ளைப் பேஸில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ரத்தமெல்லாம் அதற்கு அப்பால், மண்ணில் பதிந்திருந்த அவள் சப்பாத்துத் தடத்தில்தான் இருந்தது. அதை நன்றாகப் பார்த்தேன். பார்த்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு குடும்பமும் கூடிவிட்டது. மங்கலத் தட்டில் இரும்பை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அத்தை அழுதாள். அப்பா மாமாவை முறைத்ததும் அம்மா இருவருக்கும் நடுவே போய் நின்றாள். மாமா சுவரோடு ஒட்டி நின்றார். பண்டல் கடையில் யாரோ போட்டுக் கழித்ததை வாங்கித் துடைத்து வைத்தேன் என்று அங்கேதான் உளறினார். கேட்க வேண்டாதவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அப்பா என் பக்கம் திரும்பி, இன்றோடு பந்து முடிந்தது என்றார்.

கட்டிலில் கிடந்த மச்சிதான் தலையைத் தூக்கி அப்பாவிடம் சொன்னாள்.

"மாமா, அவ மேல தப்பு இல்ல. நான்தான் குறுக்கே காலை வச்சு மறிச்சேன். சிக்குகிட்ட கேளுங்க, மறிச்சா இப்படித்தான் ஆகும்."

அத்தை மகளைத் திட்ட ஆரம்பித்தாள். அப்பா வெளியே போய்விட்டார். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததோடு விட்டேனா? கட்டில் பக்கம் போய், "ஏன் மச்சி மறிச்சே?" என்று கோபமாகவே கேட்டேன். இதை எழுத இன்றைக்கும் கூசுகிறது.

"ஆமா லா, என் தப்புதான்," என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மாநிலக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது அவள் காலில் கட்டு இருந்தது. நரம்பு சரியாகக் கூடவில்லை. பள்ளி முடிந்ததும் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்துவிட்டாள். எட்டு மணி நேரம் நின்று செய்கிற வேலை, சாயங்காலத்தில் கால் வீங்கிவிடும். மாமா வெகுநாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, வந்தபோதும் வாசலோடு போய்விட்டார். என் ஆட்டத்தை நிறுத்த மட்டும் யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. நான் ஆடினேன். மாநிலத்துக்கு ஆடினேன். சான்றிதழ் வாங்கினேன், ஆசிரியர் கல்லூரியில் இடமும் வாங்கினேன். இப்போது மச்சி என்னைப் பார்த்தால் கும்பிடு போட்டு, "சிக்கு வாங்க," என்று கேலி செய்வாள். நான் சிரித்து வைப்பேன்.

போன மாதம் பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் இரும்பு முள்ளை அனுமதிக்கலாமா என்று ஆசிரியர்கள் கூடிப் பேசினோம். மழை, சேறு, வழுக்கல், முட்டி என்று அதே வாதம்தான். கூடாது என்று நான் கை தூக்கினேன். ஏன் என்று கேட்டார்கள். பாதுகாப்பு என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் என் பிள்ளைகளுக்கு இரண்டாம் பேஸில் நிற்கக் கற்றுக்கொடுத்தேன். ஓடி வருகிறவளை மறிக்கக் கூடாது, பேஸ் முழுவதையும் அவளுக்குக் காலியாக விட்டுவிட்டு இப்படி அப்பால் காலை வை என்று நானே நின்று காட்டினேன். குனிந்து பார்த்தேன். என் சப்பாத்துத் தடம் பேஸுக்கு அப்பால், வலது பக்கம், மண்ணில் பதிந்திருந்தது. அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் அடுத்து என்ன சிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மச்சி மறிக்கவில்லை. எனக்கு வழி விட்டுத்தான் நின்றிருந்தாள்.