அண்ணி சாப்பிடும் இடம்

படகு என்றதும் மற்றவர்களுக்குக் காற்றும் தண்ணீரும் வெள்ளைவெளேர் என்ற பாயும் ஞாபகம் வரும். எனக்குக் குமட்டல் வரும். உல்லாசப் படகுகளை உள்ளும் புறமும் கழுவி, மெழுகு போட்டு, மூடி வைக்கும் யார்டில் எனக்கும் என் அண்ணிக்கும் வேலை. வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் படகை உள்ளே போய்ப் பாருங்கள், தெரியும். மெத்தைக்கு அடியில் கறுப்பாகப் பூசணம், குளிர்பெட்டியில் போன சீசனில் வைத்த பால், ஐஸ் பெட்டியில் மீன் ரத்தம் காய்ந்து ஒட்டிய பிசின், கழிவறைத் தொட்டியில் அவர்கள் அப்படியே விட்டுப்போனது. சீ! அண்ணியைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், அதற்குள் என் வயிறு முந்திக்கொண்டது.

யார்டில் அண்ணிக்குப் பெயர் மூக்கு. பார்த்தால் சாதாரண சப்பை மூக்குதான், ஆனால் அது செய்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். படகின் மேல்மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விடுவாள். ஒரே ஒரு மூச்சு. "இடது பக்க ஜன்னல் ரப்பர் போயிடுச்சு. மழத்தண்ணி இறங்கி மெத்தை நனைஞ்சிருக்கு" என்பாள். மெத்தையைப் புரட்டினால் அப்படியே இருக்கும். நாங்கள் மணிக்கணக்கில் தேடவேண்டியதை அவள் நின்ற இடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அந்தத் திறமை எனக்கு இல்லாமல் போனதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

பூசணம் கண்டுபிடிப்பதெல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலை பெட்ரோல் படகுகளில்தான். தரைப்பலகைக்கு அடியில் கசடும் எண்ணெயும் தண்ணீரும் சேர்கிற குழி ஒன்று இருக்கும். அடிக்குழி என்போம். எங்கேயாவது குழாய் தளர்ந்து பெட்ரோல் கசிந்தால் அதன் ஆவி மேலே வராமல் அங்கேயே தேங்கி நிற்கும். சாவியைத் திருப்பினால் ஒரு பொறி போதும், படகும் ஆளும் சேர்ந்து போய்விடும். அதனால் விசிறியை ஓடவிட்டு, ஒருவர் குனிந்து மோந்து பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் இன்ஜினைக் கிளப்புவார்கள். அதற்கு ஒரு கருவியும் யார்டில் உண்டு. ஈரக்காற்று அடித்தாலே அது கத்தும் என்பதால் அதை யாரும் மதிப்பதில்லை. அண்ணி "சரி" என்றால்தான் சரி.

பொருள் அறைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளை யார்டு எங்களுக்குக் கொடுத்ததும் இதற்காகத்தான். விடியற்காலையில் எந்தப் பணக்காரன் படகோட்டக் கிளம்பினாலும் மூக்கு கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டும். அந்த அறைகளில்தான் அண்ணி, நான், என் அண்ணன் மூவரும் இருக்கிறோம். அண்ணனும் இந்த யார்டில்தான் இருந்தான். படகின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டும்போது ஏணி சறுக்கி விழுந்து இடுப்பு போனது. அன்றிலிருந்து கட்டிலும் டிவியும்தான் அவனுக்கு. மூக்கு வேலை போனால் வீடும் போகும், நடக்கமுடியாத அவனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டும். இது எங்கள் மூவருக்கும் தெரியும், வாயைத் திறந்து யாரும் சொன்னதில்லை.

அவ்வளவு கூர்மையான மூக்கை வைத்துக்கொண்டு அண்ணி பட்ட பாடு கொஞ்சமில்லை. மதியம் சாப்பாட்டுக்குக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். டப்பாவை எடுத்துக்கொண்டு படகுத்துறையின் கடைசிப் பலகைக்குப் போய், காற்று வரும் பக்கம் பார்த்து உட்காருவாள். நான் வேலைத்துணியோடு பக்கத்தில் போனால் "அந்தப் பக்கம் போ பாப்பா" என்று விரட்டுவாள். எனக்குத் தலை நரைத்த பிறகும் அவளுக்கு நான் பாப்பாதான்.

மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. படுத்தாள், எழுந்தாள், வேலைக்கு வந்தாள். எல்லாம் பழையபடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மீன்பிடிப் படகு வந்தது. கூடாரத்துணியை அவிழ்த்தபோதே ஏதோ செத்துக்கிடப்பது போல ஒரு வாடை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் வாடை தொண்டைக்குள் இறங்குகிறது. தூண்டிலுக்கு வாங்கிய மீன் துண்டுகளை எந்தப் புண்ணியவானோ பையோடு இருக்கைக்கு அடியில் மறந்துவிட்டுப் போயிருக்கிறான். வெயிலில் அது வெந்து, பை வெடித்து, புழு நெளிந்து... போதும். நான் வெளியே ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதையெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அதே இருக்கையில் அண்ணி சாவகாசமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறாள்.

"அண்ணி! என்ன கர்மம் இது? எந்திரிங்க!"

"ஏன், என்னாச்சு?"

"என்னாச்சா? உங்களுக்கு அடியில புழு நெளியுது!"

சட்டென்று எழுந்து இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் முகம் சுளித்தாள். அந்தச் சுளிப்பு கண்ணில் பார்த்ததால் வந்தது, மூக்கால் வந்ததில்லை.

"காய்ச்சல்லேர்ந்தே இப்படித்தான் பாப்பா. ஒண்ணுமே தெரியல. சோப்பும் தெரியல, சோறும் தெரியல. வாய்ல போட்டா மண்ண மெல்ற மாதிரி இருக்கு. நாளைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"அப்ப பெட்ரோல் படகு?"

"காய்ச்சலுக்கப்புறம் பெட்ரோல் படகு ஒண்ணும் வரல. இனிமேதான் வரும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத. உங்கண்ணன நெனச்சுப் பாரு."

அன்றிலிருந்து அவள் மூக்கு நான். யார் செய்த பாவமோ தெரியவில்லை, குப்பைத்தொட்டியைக் கடந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்னைப் போய் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் தலையை விடவைத்தது விதி. கழுவிய சுத்தத்தைப் பார்க்கிற சாக்கில் நான் முதலில் குனிந்து மோந்துவிட்டு வருவேன். ஒன்றுமில்லை என்றால் கையிலிருக்கும் துணியைத் தோளில் போடுவேன். அதைப் பார்த்துவிட்டு அண்ணி போய்க் குனிந்து, ஒரு மூச்சு இழுத்து நடித்து, "சரி" என்பாள். பெட்ரோல், டீசல், அழுகின கடல்பாசி, எண்ணெய்க் கசடு, எலி செத்தது எல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ராத்திரி படுத்தால் தலையணையே நாறுவது போல இருக்கும்.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாதது வேறு. அண்ணி படகுத்துறைப் பலகைக்குப் போவதையே விட்டுவிட்டாள். மதியமானால் இருப்பதிலேயே படுமோசமான படகாகப் பார்த்து, அதற்குள் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். கழிவறைத் தொட்டி திறந்து கிடந்தால் அதற்குப் பக்கத்தில். அடிக்குழி திறந்திருந்தால் அதன் ஓரத்தில். மனிதப் பிறவி செய்கிற காரியமா இது?

"வெளிய வந்து சாப்புடுங்க அண்ணி, பாக்கவே அருவருப்பா இருக்கு" என்பேன்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியலயே. நிழலாவது கிடைக்குதுல்ல" என்பாள்.

மூக்கு போனதே நிம்மதி என்று இருக்கிறாளே, இந்த நாற்றத்தை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டு ஜாலியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் அண்ணனிடமும் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தொப்பிக்காரரின் பெட்ரோல் படகு வந்தது. அந்தக் குடும்பத்தை எனக்கு முன்பே தெரியும், முகத்தால் தெரிந்ததைவிடக் கழிவறையால் நன்றாகத் தெரியும். போன முறை குழந்தையின் டயப்பரைக் கழிவறைக் குழாய்க்குள் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள். அது ஊறி, உப்பி, பம்பை அடைத்து, எல்லாம் மேலே பொங்கி வழிந்திருந்தது. முழங்கை வரைக்கும் கையைவிட்டு அதைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தது அண்ணி. இந்த முறை படகை இரண்டு பேருமாகச் சேர்ந்து மினுக்கினோம். அடிப்பாசியைச் சுரண்டி, கடல்பறவை எச்சத்தை ஊறவைத்துத் தேய்த்து, மெழுகு போட்டு, கம்பிகளைத் துடைத்து, கடைசியாக அடிக்குழியை எலுமிச்சை வாசனை சோப்பு போட்டுக் கழுவினோம். கழுவும்போது என் பிரஷ் பெட்ரோல் குழாயில் ஒருமுறை வசமாக இடித்தது. அதை அப்போது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு ஜலதோஷம். சாதாரணமாக இல்லை, இரண்டு மூக்கும் களிமண் வைத்து அடைத்த மாதிரி. அன்றைக்குப் பார்த்துத் தொப்பிக்காரர் தன் மனைவி, இரண்டு குழந்தைகள், சாப்பாட்டுக் கூடை சகிதம் வந்து நிற்கிறார்.

"மூக்கு! வா வா. ஒரு தடவ பாத்துட்டு சரின்னு சொல்லு, சார் கிளம்பணும்" என்று சூப்பர்வைசர் படகுத்துறையிலிருந்தே கத்தினார்.

நான் முந்திக்கொண்டு போய்க் குனிந்தேன். என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது, வேறு ஒன்றும் தெரியவில்லை. அண்ணி பக்கத்தில் வந்தாள்.

"மூக்கு அடைச்சிருக்கு அண்ணி. எனக்கு ஒண்ணும் தெரியல."

"குழாய்ல பிரஷ் இடிச்சுதே நேத்து."

"ஆயிரம் தடவ இடிச்சிருக்கு. விசிறி ஓடுதுல்ல, சரின்னு சொல்லிடுங்க. வீடு போயிடும் அண்ணி."

சின்னக் குழந்தை ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு இன்ஜின் பெட்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதையே பார்த்தாள். தொப்பிக்காரர் சாவியைப் போட்டார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க!" என்று அண்ணி கத்தினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். "பெட்ரோலா?" என்று சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா என்ன அர்த்தம்?"

"எனக்கு வாசனையே தெரியாது சார். காய்ச்சல் வந்ததுலேர்ந்து ஒண்ணும் தெரியல. கொழந்தைய மொதல்ல கீழ இறக்குங்க."

குழந்தையை இறக்கினார்கள். சூப்பர்வைசர் தொப்பையை மடக்கமுடியாமல் மடக்கி, மண்டி போட்டு, தானே தலையை உள்ளே விட்டார். பெட்ரோல் இருந்துவிட்டால் அண்ணி உயிரைக் காப்பாற்றியவள் ஆகிவிடுவாள், வீடு தப்பிக்கும் என்று ஒரு கேவலமான ஆசை எனக்கு. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. எலுமிச்ச சோப்புதான் மணக்குது."

தொப்பிக்காரரின் மனைவி அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து, அண்ணி கைவைத்திருந்த கம்பியைத் துடைத்தாள். "நாத்தமே தெரியாதவங்களை வச்சா எங்க படகைச் சுத்தம் பண்றீங்க? சீ" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! அம்மா தாயே, உன் வீட்டு டயப்பரை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு எடுத்த கை அது என்று தொண்டை வரை வந்தது. ஜலதோஷத்தில் தும்மல்தான் வந்தது. அண்ணி கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். படகு கிளம்பிப் போயே போய்விட்டது.

சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கிழித்தார். இத்தனை நாளும் மோந்து பார்த்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். திட்டித் திட்டிக் களைத்த பிறகு அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும், சிரிக்க ஆரம்பித்தார்.

"வீட்ட காலி பண்ண வேணாம். மோந்து பாக்கிற வேலைய இனிமே உன் நாத்தனாரே பாக்கட்டும். ஜலதோஷம் புடிச்சா மொதல்லயே சொல்லணும். நீ ஒண்ணு பண்ணு. எல்லாப் படகோட கக்கூஸ் தொட்டியும் இனிமே உனக்குத்தான். நாத்தம் தெரியாத ஆளு தேடினாலும் கிடைக்குமா?"

பக்கத்தில் நின்ற பெயின்டரும் மெக்கானிக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அடிக்குழிக் கசடே தேவலை என்று இருந்தது எனக்கு. அண்ணி மட்டும் "சரி சார்" என்றாள்.

ஜலதோஷம் விட்ட பிறகு ஒரு மதியம் அவளைத் தேடிப் போனேன். கரையேற்றி நிறுத்தியிருந்த ஒரு பெரிய படகின் கழிவறையில் இருந்தாள். தொட்டி திறந்து கிடந்தது. படியில் கால் வைத்ததும் அந்த வாடை என்னைப் பிடித்துத் தள்ளியது. பக்கத்திலேயே மூடிய டப்பா. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்களுக்குக் கொஞ்சமாச்சும் ரோஷம் இருக்கா? அவங்க சிரிச்சது போதாதா? வெளிய வந்து மனுஷி மாதிரி சாப்புடுங்க!"

"இரு பாப்பா. ஒரு நிமிஷம்."

அவள் தொட்டியின் மேல் குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நீளமாக, ஆழமாக, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். நிறுத்தினாள். மறுபடியும் இழுத்தாள். எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"தெனமும் இதத்தான் பண்றீங்களா?"

"சாப்பாட்டு வாசன மெல்லிசு, வந்தாலும் தெரியாது. இதுன்னா அழுத்தமா இருக்கும். திரும்பி வந்தா மொதல்ல இங்கதான் வரும்னு வந்து வந்து பாக்குறேன்." தொட்டிக்குள் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நாறுதா பாப்பா?"

"குடலப் புரட்டுது அண்ணி."

"எப்படி நாறுது? கொஞ்சம் சொல்லேன்."

மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தேன். ஓங்கரித்து ஓங்கரித்து, வாய்க்கு வந்தபடி அந்த நாற்றத்தைச் சொன்னேன். புளித்தது, அழுகினது, கண்ணில் எரிவது, அடியில் ஒரு இரும்பு வாடை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் முடித்ததும் இன்னொரு தடவை குனிந்து மோந்து பார்த்தாள்.

"இன்னிக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தாள்.