நிலத்தில் கால் எட்டாத மோட்டார் சைக்கிள்

மனிதருக்கு வருத்தம் வந்தால் ஆசுபத்திரிக்கு வருவார்கள். மாட்டுக்கு வருத்தம் வந்தால் டொக்டர்தான் போகவேண்டும். சண்டைக் காலத்தில் திருகோணமலையில் மிருக வைத்தியராக இருந்த நான் அப்படிப் போவதற்கு வைத்திருந்தது, காடு மேடு ஓடவென்றே செய்த இருநூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று. எங்கள் மிருக வைத்தியக் கந்தோர் ஜீப்பை ஏதோ அவசரம் என்று வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. அந்த நேரம் பார்த்து, நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. தன் வாகனங்களை ஏலம் விட்டது. வான்கள் எல்லாம் போட்டி போட்டுப் போயின. இந்தச் சைக்கிளை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ஆமி கண்டால் சந்தேகப்படும், இயக்கத்துப் பெடியள் கண்டால் ஆசைப்படுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மழைக்குப் பிறகு தம்பலகாமத்து மாட்டுப்பட்டிகளுக்குப் போய்ச்சேர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிரவலிலும் சேற்றிலும் பல்லோடு பல் அடிபட ஓடிவிட்டு, வீட்டில் கதிரையில் இருக்க முடியாமல் நின்றபடி சாப்பிட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நீங்கள் என் சொந்தக்காரர். இல்லாதவர்கள் சிரிக்கலாம், ஆட்சேபணை இல்லை.

நிப்பாட்டுவது எப்படி

நான் கட்டை. சைக்கிளின் சீற் என் விலா எலும்புவரை வரும். ஏறுவதற்கு மதகுக் கட்டோ வாசற்படியோ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் பக்கத்து வெளியில் என் கணவர் எனக்கு ஓடப் பழக்கினார். அவர் கணக்கு வாத்தியார். கிளச்சை எவ்வளவு விட்டால் பெற்றோலை எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று மணலில் கோடு கீறி விளக்கினார். எனக்கு விளங்கவில்லை, சைக்கிளுக்கு விளங்கிவிட்டது. கால்வைக்கும் கட்டையில் எழும்பி நின்று பிடித்தால், மணல் என்ன, குழி என்ன, ஆட்டுக்குட்டி துள்ளுகிற மாதிரித் துள்ளிக்கொண்டு போனது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அப்போது ஊருக்குள்ளேயே திரிகிற புள்ளிமான்கள் கூட்டமாகக் குறுக்கே வந்தன. திருகோணமலை வீதிகளில் மானுக்கு இருந்த உரிமை அந்த நாளில் மனிதருக்கு இருக்கவில்லை. பிறேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நின்றது. காலை ஊன்றினேன், ஊன்றிய இடத்தில் நிலம் இருக்கவில்லை. நானும் சைக்கிளும் மெதுவாக, அவசரமில்லாமல், ஒரு பக்கமாகச் சரிந்தோம். என் கணவர் ஓடிவந்து முதலில் பெற்றோல் டாங்கியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற வியாபாரி சொன்னார்: "பிள்ளை ஓடுறதில ஒரு பிழையும் இல்லை. நிப்பாட்டாமல் போய்க்கொண்டே இருந்தால் சரி."

அடையாள அட்டை

என்னோடு வேலை செய்தவர் அரியம் அண்ணை. கால்நடை உதவியாளர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெண்பிள்ளை ஓட்டுகிற மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போவது அவருக்கு முதலில் பெரிய வெட்கம். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பார். அவர் மடியில் ஒரு அலுமினியக் குடம். பசுக்களைச் சினைப்படுத்துவதற்கான நல்ல சாதிக் காளைகளின் விந்து, சின்னச் சின்னக் குழாய்களில், திரவ நைதரசனில் உறைந்து கிடக்கும் குடம் அது.

தம்பலகாமம் போகும் வழியில், ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் ஒரு நாள் புது ஆட்கள். எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு, குடத்தைத் திறக்கச் சொன்னார்கள். அரியம் அண்ணை மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்தது. ஒருவன் கத்தினான். எல்லோரும் மணல்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். அடுத்த நிமிடம் நாங்கள் இருவரும் கையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் முழங்காலில் நின்றோம். குடம் நடுவில் தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளை இன்றைக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது. அரியம் அண்ணை தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்தார். அதில் மாடு என்ற சொல் மட்டும் அவர்களுக்கு விளங்கியது.

கடைசியில் ஒரு அதிகாரி வந்தார். அவருடைய வீட்டிலும் பால்மாடு இருந்ததாம். குனிந்து பார்த்தவர் சிரித்தார். "ஜேர்சியா?" என்று கேட்டார். ஜேர்சியும் இருக்கிறது, வேறு சாதியும் இருக்கிறது என்றேன். எங்களை எழும்பச் சொல்லி, அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கொச்சைத் தமிழில் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் அடையாள அட்டை காட்டினதுதானே. உள்ளுக்கு இருக்கிற காளை ஒண்டும் காட்ட இல்லை."

தோணிக்குள் இன்சின்

சாம்பல்தீவில் பிலோமினா அக்கா என்று ஒருவர், அவருடைய ஆடுகள் மரவள்ளி இலையைத் தின்றுவிட்டு விழுந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய தம்பி சூசை, மீன்பிடிகாரர். இந்த நஞ்சுக்கு வைத்தியம் கெதியாகப் போனால்தான் உண்டு. பாலத்தடிக்குப் போனால் அங்கே ஆமியின் சுற்றிவளைப்பு, ஒருவரையும் விடவில்லை. "கடலேரியால போவம்" என்றார் சூசை. கரையோடு மணலில் போகவேண்டும். ரயர்களில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டேன். மணலில் ஓடுபவர்களுக்கு அந்த ரகசியம் தெரிந்திருக்கும். தோணியடியில் அவரும் அரியம் அண்ணையுமாகச் சைக்கிளைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். அந்த நாளில் வள்ளம், தோணி எதற்கும் இன்சின் பூட்டக்கூடாது என்று கடற்படையின் கட்டளை. சூசை துடுப்புத் தண்டு வலித்தார். வலிக்கும்போதெல்லாம் காலடியில் கிடந்த சைக்கிளின் இன்சினைப் பார்த்துக்கொண்டே வலித்தார்.

மறுகரையில் இறக்கி, ஒரே மூச்சில் ஓடிப்போய் ஊசி போட்டேன். குட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. தாய் ஆடுகளும் கிடாயும் தலையைத் தூக்கின. பிலோமினா அக்கா குட்டிகளைச் சாக்கால் மூடிவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். திரும்பி வரும்போது நடுத் தண்ணீரில் சூசை தண்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்சினைத் தோணியில பூட்டினால் குற்றம். ஏத்தினால் குற்றமில்லை. இந்தச் சட்டத்தை எழுதினவர் எப்பவாவது தண்டு வலிச்சவரோ, மிஸ்?"

நீளக் கையுறை

ஏலத்தில் எல்லோரும் பயந்தது ஒருநாள் நடந்தது. குளத்துக்கு அப்பால், பற்றைக்காட்டு வழியில், துவக்கோடு இரண்டு பெடியள் மறித்தார்கள். இருபது வயது இருக்கும். உயரமானவன் சாவியை எடுத்துக்கொண்டான். அலுவல் ஒன்று இருக்கிறது, சைக்கிள் தேவை, பிறகு தருவோம் என்றான். அந்தப் "பிறகு" எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபமா பயமா என்று தெரியவில்லை. பையைத் திறந்து, தோள்வரை வருகிற ரப்பர் கையுறையை எடுத்து அவனிடம் நீட்டினேன். "அங்கால பட்டியில ஒரு பசுவின்ர வயித்துக்குள்ள கன்று செத்துப்போய்க் கிடக்கு. பின்னேரத்துக்கிடையில எடுக்காட்டிப் பசுவும் செத்துப்போகும். நான் நடந்து போய்ச்சேர ஏலாது. சைக்கிளில போற நீங்களே எடுத்துவிடுங்கோ" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, எனக்கு வேறு யோசனை வரவில்லை. "எடுக்கிறதெண்டால் எப்பிடி?" என்று கேட்டான். அரியம் அண்ணை முன்னுக்கு வந்து, கை எவ்வளவு தூரம் உள்ளே போகவேண்டும், எதைத் தேடிப் பிடிக்கவேண்டும், அழுகியிருந்தால் என்னென்ன துண்டுதுண்டாக வரும் என்று தோளைத் தொட்டுக் காட்டி ஆறுதலாக விளக்கினார். மற்றவன் காட்டுப்பக்கம் திரும்பிவிட்டான். உயரமானவன் முகம் வெளிறி, கையுறையையும் சாவியையும் சேர்த்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "அலுவலுக்கு நாங்கள் நடந்தே போறம். நீங்கள் போங்கோ அக்கா."

உப்புக்கட்டி

குளக்கட்டில் ஓடுவது எனக்குப் பிடிக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு, நடுவில் ஒரு முழ அகலத் தடம். கண்ணைத் தூரத்தில் வைத்துக்கொண்டு ஒரே சீராகப் பெற்றோல் கொடுத்தால் போதும். அப்படித் தூரத்தில் பார்த்தபோது அங்கே யானை நின்றது. சைக்கிளைத் திருப்ப இடமில்லை. இடமிருந்தாலும் என் காலுக்கு வசதியில்லை. படுக்கப் போட்டுவிட்டு, நாங்கள் இருவரும் சரிவில் சறுக்கி வயற்சேற்றில் போய் இருந்தோம்.

யானை ஆடி அசைந்து வந்தது. சூடான சைலன்சரைத் தொட்டுப் பார்த்துத் தும்பிக்கையை உதறியது. பிறகு கரியரில் கட்டியிருந்த சாக்கை இழுத்து, மாடுகள் நக்குவதற்காகக் கொண்டுபோன உப்புக்கட்டிகள் அத்தனையையும் தின்றுவிட்டு, இறங்கிப் போனது. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது. நெளிந்த மட்காட்டோடும் சேற்று உடுப்போடும் பட்டிக்குப் போய்ச்சேர்ந்தோம். வயற்காவல் பரணில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கமக்காரர் இறங்கி வந்து கேட்டார்: "யானைக்கு வைத்தியம் முடிஞ்சுதோ டொக்டர்? அப்ப என்ர பசுவையும் ஒருக்காப் பாருங்கோவன்."

மலரின் பிள்ளை

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். மார்கழி மழை. வயல்களுக்கு நடுவே ஒரு வீட்டில் பசு ஒன்று கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றின் காலைத் திருப்பி வெளியே எடுத்தேன், அது எழும்பி நின்று பால் குடிக்கத் தொடங்கிவிட்டது. நான் கை கழுவிக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரி மலர் கதவு நிலையைப் பிடித்தபடி, "அம்மா" என்றாள். நிறைமாதம். காலடியில் தண்ணீர் வழிந்தது. புருசன் வேலைக்கென்று வெளியூர் போயிருந்தான். வீட்டில் தாய் மட்டும். ட்ரக்டர் அச்சுவரை சேற்றில் புதைந்து கிடந்தது. பொழுதுபட்டால் ஊரடங்கு, அதற்குப் பிறகு சென்றியில் தடை தூக்கமாட்டார்கள்.

தாய் சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏலாது அம்மா, இந்தக் குலுக்கலில ஏலாது" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மலர் வீட்டுத் திண்ணைக் குந்தில் இருந்து காலைப் போட்டு சீற்றில் ஏறிவிட்டாள். அரியம் அண்ணை குடத்தோடு அங்கேயே தங்கினார். முன்னால் நான், நடுவில் மலர், பின்னால் தாய். தாய் நல்ல நெட்டை. நிற்கவேண்டிய இடங்களிலெல்லாம் எங்கள் மூவருக்கும் அவருடைய கால்தான் ஊன்றுகோல். முதல் கியரில் சேற்றை அளந்து அளந்து போனேன். மலரின் விரல்கள் என் தோளில் இருந்தன. அவை இறுகினால் நிப்பாட்டுவேன், தளர்ந்தால் போவேன். இறுகுவது கெதி கெதியாக வந்தது. கைவிடப்பட்ட கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றைக் கண்டதும் "இனி ஏலாது டொக்டர்" என்றாள். ஷெல் விழுந்து பாதிக் கூரை போயிருந்தது. நனையாத ஒரு மூலையில் என் மழைக்கோட்டை விரித்தோம்.

அதுவரை நான் பிரசவம் பார்த்ததெல்லாம் நாலு கால் உள்ளவைக்கு. தாய் மலரின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிள்ளை வந்தது, ஆண். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. விரலால் தூக்கிக் கழற்றினேன். அழவில்லை. நீலமாகக் கிடந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைத்தான் செய்தேன்: மூக்கையும் வாயையும் துடைத்து, துவாயால் முதுகைக் கன்றுக்குத் தேய்க்கிற மாதிரித் தேய்த்தேன். தேய்த்தேன், தேய்த்தேன். வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்த வேண்டுதலைத் தாய் நிறுத்திவிட்டார். அப்போது ஒரு சின்னத் தும்மல். அதன்பிறகு அவன் போட்ட சத்தத்தில் சங்கக்கடையின் மிச்சக் கூரையும் விழுந்துவிடும் போல இருந்தது. பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, மூவரும் முன்போல ஏறி, பொழுதுபட்ட பிறகு சென்றிக்குப் போய்ச்சேர்ந்தோம். அங்கே இருந்தவர்கள் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தடையைத் தூக்கி, தங்கள் ட்ரக்கிலேயே மலரையும் பிள்ளையையும் தாயையும் ஆசுபத்திரிக்கு அனுப்பினார்கள்.

அடுத்தநாள் காலை ஆசுபத்திரி வாட்டுக்குப் போனேன். இருவரும் சுகம். பிள்ளை அசையாமல் நித்திரை. நான் கட்டில் பக்கத்தில் நின்று அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மலர் கண்ணைத் திறந்து சொன்னாள்: "பயப்பிடாதேங்கோ டொக்டர், மனுசப்பிள்ளை எழும்பி நடக்க ஒரு வருசம் செல்லும். நீங்கள் வீட்டை போய்ப் படுங்கோ."

*

இப்போது இடுப்புப் பட்டியோடு எலும்பு வைத்தியரிடம் போகும்போதெல்லாம், எந்த ரோட்டில் ஓடி முதுகு இப்படி ஆனது என்று அவர் கேட்கிறார். ரோட்டு இருந்திருந்தால் ஏன் டொக்டர் இப்படி ஆகிறது என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.