இடப்பக்கத்து அங்கவடி வார்

வலது கையில் ஓர் ஊசி, இடது கையில் ஓர் ஊசி. இரண்டும் ஒரே துளையில் எதிரெதிராக நுழைந்து ஒன்றையொன்று உரசாமல் வெளியே வந்தன. முழங்கால்களுக்கு நடுவே மரக்கிட்டி வாரைக் கவ்விப் பிடித்திருந்தது. மெழுகு தடவிய நூலைக் கைகள் இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே அளவு இழுத்தன. ஒரு கை கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் தையல் சாய்ந்துவிடும். வரிசையில் ஒரே ஒரு தையல் சாய்ந்திருந்தாலும் அந்தக் கைகள் அதை விட்டுவைக்காது, பிரித்துவிடும். பல வருஷம் நூல் இழுத்ததில் சுண்டுவிரல்களின் ஓரத்தில் பள்ளமாக ஒரு கோடு விழுந்து காய்த்துப் போயிருந்தது. கொக்கியை மடித்துத் தைக்கும் இடம் முடிந்ததும் கைகள் வாரைக் கிட்டியிலிருந்து எடுத்து நீளவாக்கில் தடவிப் பார்த்தன. முனைவரை போய், திரும்பவும் முதலிலிருந்து தடவின.

இப்படி இரண்டு தரம் தடவிப் பார்ப்பது அந்தக் கைகளுக்குப் புதிது.

கைகளுக்கு உரியவர் செங்கல்வராயன். ஆம்பூரில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றை ஒட்டியிருந்த சேணப் பட்டறையில் பதினெட்டு வருஷமாக வார் தைக்கிறார். தொழிலை அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. போலீஸ் லாயத்திலிருந்து கழித்துப் போட்ட பழைய சேணம் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்தார், திரும்பத் தைத்தார், மறுபடி பிரித்தார். ஒரு மழைக்காலம் முழுக்க இதுவே வேலை. வார் முனையை வேப்பிலை நுனிபோலக் கூராக்கி, லேசாக ஒரு பக்கம் சாய்த்து வெட்டுவது மட்டும் அவராகச் செய்துகொண்டது. மற்றவர்கள் வட்டமாக வெட்டினார்கள்.

தையலைவிட வெட்டில்தான் அவருக்குப் பெயர். ஒரு தோலை விரித்துப் போட்டுச் சுற்றி ஒருமுறை நடப்பார். இத்தனை வார் வரும் என்று சொல்வார். சொன்னால் சொன்னதுதான். ஸ்டோரில் தோல் அளந்து கொடுக்கும் சர்தார் பாஷா, பட்டறைக்கு வருகிற வியாபாரிகளிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். "நம்ப வராயன் என்கிட்ட ரெண்டாந்தரம் வந்து கைநீட்டினதே இல்ல சாப். ஒரு தரம் வாங்கினா அதோட சரி."

அந்தப் பேச்சு செங்கல்வராயனின் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அவரைக் கெடுத்ததும் அதுதான்.

1955ஆம் வருஷம் ஐப்பசியில் மெட்ராஸ் சேணக்கடை ஒன்றிலிருந்து ஆறு ஜோடி அங்கவடி வார் கேட்டு எழுதியிருந்தார்கள். குதிரை ஏறுகிறவன் கால் வைக்கும் இரும்பு வளையம்தான் அங்கவடி. அதைச் சேணத்திலிருந்து தொங்கவிடுகிற வார் முதுகுத் தோலில்தான் எடுக்கப்பட வேண்டும். வயிற்றுப் பக்கத்துத் தோல் இளகியது, பாரம் பட்டால் இழுபடும். இது பட்டறையில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். செங்கல்வராயன் பன்னிரண்டு வார் வரும் என்று சொல்லி வெட்டினார். பதினொன்று நன்றாக வந்தது. பன்னிரண்டாவதை வளைத்துப் பார்த்தபோது நடுவில் விரிசல் விட்டது. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்து ஆறிய வடு. விரித்துப் போட்டபோது அவர் கண்ணில் அது படவில்லை.

ஸ்டோர் பத்தடி தூரத்தில் இருந்தது. சர்தார் பாஷா அங்கே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எழுந்துபோய், "பாய், ஒண்ணு கெட்டுப்போச்சு, இன்னொரு துண்டு குடு" என்றால் முடிந்தது. செங்கல்வராயன் எழுந்திருக்கவில்லை. காலடியில் கிடந்த வயிற்று ஓரத்தை எடுத்து வாராக வெட்டினார். நனைத்து, ஆணியில் மாட்டிக் கல்லைக் கட்டி இழுத்துக் காயவைத்தார். கொழுப்புத் தடவிக் கண்ணாடிக் குப்பியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். பெட்டியில் வைக்குமுன் சர்தார் பாஷா விரல் ஓட்டிப் பார்த்தபோது அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. அந்த மட்டுக்கும் அது நல்ல வேலைதான்.

அடுத்த தைப்பொங்கல் லீவில், அதே பட்டறையில் கொக்கி பொருத்தும் ரஷீத் அஹமது அவரைக் கிண்டி ரேஸுக்குக் கிளப்பினான். ரஷீத் வயதில் சிறியவன், ரேஸ் பைத்தியம். "குதிரைக்கே தச்சித் தச்சிப் போடற, குதிரை ஓடிப் பாத்ததில்லன்னா வெக்கமா இல்ல? வா தோஸ்த், ஒருநாள் கண்ணு தொறக்கட்டும்." காலைப் பாசஞ்சரில் ஏறினார்கள். மனைவி பூங்காவனம் கட்டிக்கொடுத்த புளிச்சோறு அரக்கோணம் வருவதற்குள் தீர்ந்துபோனது. பார்க் ஸ்டேஷனில் மின்சார வண்டிக்கு மாறிக் கிண்டியில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது.

குறைந்த டிக்கெட் பகுதியில் ஒரே கூட்டம். கரும்பு மென்றுகொண்டே குதிரைகளைத் திட்டுகிறவர்கள், சாமி கும்பிடுகிறவர்கள், பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு யாரையும் நம்பாமல் நடக்கிறவர்கள். எல்லோரும் குதிரையின் காலைப் பார்த்தார்கள். செங்கல்வராயன் கடிவாளத்தைப் பார்த்தார். "அந்த வெள்ளக் குதிரை தலைவாரு சீமைத் தோலு. இது நம்ம பக்கம், ஆவாரம்பட்டையில பதம் போட்டது. நெறத்தப் பாரு" என்றார்.

"யோவ், நீ ரேஸ் பாக்க வந்தியா, செருப்புக் கடைக்கு வந்தியா?"

மூன்றாவது ஓட்டத்துக்குக் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டினார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் இவர்கள் நின்றார்கள். நான்காம் நம்பர் செவலைக் குதிரை வலப்பக்கம் காட்டிக்கொண்டு வந்தது. சேணத்தின் கீழே வார் முனை தொங்கியது. வேப்பிலை நுனி, லேசான சாய்வு.

"ரஷீத்! அது என் வாருடா!"

"எது?"

"நாலாம் நம்பர். அந்த முனையப் பாரு. இந்த ஊர்ல வேற எவன் அப்படி வெட்றான்?"

ரஷீத் கூவிவிட்டான். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், "இந்தாளு தச்ச வாரு, எங்க ஆம்பூர் ஆளு" என்றான். இரண்டு பேர் திரும்பிச் செங்கல்வராயனைப் பார்த்தார்கள். ஒருவர் கும்பிடுகூடப் போட்டார். "நம்ப வராயன் வாரு போட்ட குதிரை தோக்குமா?" என்று சொல்லிவிட்டு ரஷீத் டிக்கெட் வாங்க ஓடினான். செங்கல்வராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

குதிரை சுற்றி வந்து இடப்பக்கம் காட்டியது. அந்தப் பக்கத்து வாரின் ஓரம் நேராக இல்லை, தண்ணீரில் ஆடுகிற நிழல்போல நெளிந்திருந்தது. அங்கவடி வலப்பக்கத்தைவிட இரண்டு விரல்கடை கீழே தொங்கியது. பயிற்சி நாட்களில் ஆட்கள் இடப்பக்கம்தான் மிதித்து ஏறுவார்கள். இரண்டு மாதம் மிதித்ததில் வயிற்றுத் தோல் தன் குணத்தைக் காட்டியிருந்தது. செங்கல்வராயன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிட்டதும் குதிரைகள் ஓடுதளத்துக்குப் போய்விட்டன.

ஓட்டத்தில் எல்லா ஜாக்கிகளும் நிமிராமல் குனிந்திருந்தார்கள். நாலாம் நம்பர்க்காரன் மட்டும் ஒரு தோள் தாழ்ந்து கோணலாகத் தொற்றிக்கொண்டிருந்தான். குதிரை கடைசிக்கு முன்னால் வந்தது.

திரும்பி வந்த ஜாக்கி இறங்கினான். சேணத்தைக் கழற்றி, அந்தப் பக்கம் நின்ற குதிரைக்காரரின் மார்பில் எறிந்தான். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. காக்கி நிஜார், தலையில் துண்டு. குதிரைகளைப் பழக்குகிற ட்ரெய்னர் வந்தார்.

"முனிரத்னம்! ஒரு பக்கம் ரெண்டு ஓட்டை எறக்கிப் போட்டிருக்கே. குடிச்சிட்டு வந்தியா?"

"இல்லிங்க தொரை. எண்ணித்தான் போட்டேன். ரெண்டு பக்கமும் ஏழாவது ஓட்டைதான். நீங்களே எண்ணிப் பாருங்க."

"நான் எண்ணணுமா? நாளையிலிருந்து லாயத்துப் பக்கம் வராதே."

முனிரத்தினம் வாரை விரித்துப் பிடித்தபடி ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் எப்படி இப்படி ஆனது என்று அவருக்குப் புரியவில்லை. பணம் விட்டவர்கள் கம்பியருகே கூடிவிட்டார்கள். ரஷீத் எல்லோரையும்விட உரக்கக் கத்தினான். "யோவ் பெரிசு! ஏழுக்கு அப்பால எண்ணத் தெரியாதா? கண்ணு பொட்டையா ஒனக்கு?"

கூட்டம் சிரித்தது. ரஷீத் செங்கல்வராயனின் முதுகில் தட்டினான். செங்கல்வராயனும் சிரித்தார்.

ஏன் சிரித்தார் என்று பிறகு அவர் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். சும்மாவாவது நின்றிருக்கலாம். முனிரத்தினம் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தபோது, அந்தப் பார்வை வந்து நின்ற இடத்தில் இவருடைய பல்தான் தெரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூங்காவனம் கேட்டாள். "ரேஸுக்குப் போய்ட்டு வந்தவரு மூஞ்சியா இது? எவ்ளோ உட்ட?"

"நான் ஒண்ணும் கட்டல."

"பின்ன ஏன் இப்படி பேஜாரா உக்காந்துனு இருக்க?"

அவர் துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார். பட்டறையில் அதற்கு நேர்மாறாக இருந்தது. "கிண்டியில நம்ப வாரு ஓடுது" என்று ரஷீத் பரப்பிவிட்டிருந்தான். டீ கொண்டுவருகிறவர்கூட ஒரு நிமிஷம் நின்று அவர் கையைப் பார்த்துவிட்டுப் போனார். சர்தார் பாஷா புதிதாக வந்த வியாபாரி ஒருவரை அழைத்துவந்து, "இவர்தான்" என்றார். செங்கல்வராயன் தலையை நிமிர்த்தாமல் தைத்தார். நான்கு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஸ்டோர் வாசலில் போய் நின்றார்.

"பாய், முதுகுத் தோல்ல ரெண்டு வாருக்கு வேணும்."

சர்தார் பாஷா நிமிர்ந்து பார்த்தார். "நீயா? ரெண்டாந்தரமா? இன்னா ஆச்சு?"

செங்கல்வராயன் சொன்னார். உண்ணி வடுவிலிருந்து, தான் சிரித்ததுவரை. சர்தார் பாஷா வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அடப்பாவி. வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுக்கமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேக்கறதுக்குத்தான் பாய் முடியல."

"நான் வேற ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சேன்." அவர் எழுந்து தோல் ஒன்றை இழுத்துப் போட்டார். "இந்தா. நல்லா வெளிச்சத்துல விரிச்சிப் பாத்து எடு."

அந்த இரண்டு வார்களைத்தான் கைகள் தைத்துக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாகக் கிண்டிக்குப் போனார்.

லாயத்தில் முனிரத்தினம் இல்லை. லாயத்து மதிலுக்கு வெளியே, புல் வண்டிகள் நிற்கும் இடத்தில் கட்டு இறக்குகிறார் என்றார்கள். போய்ப் பார்த்தபோது தலைத் துண்டெல்லாம் புல் தூசியாக நின்றிருந்தார். செங்கல்வராயன் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, ஆரம்பித்தார். அவர் பாதியில் நிறுத்தினார்.

"இரு. நீ அன்னிக்கிக் கம்பிக்கு அந்தாண்ட நின்னுனு இருந்தவன்தான? சிரிச்சியே."

"ஆமா."

"வாரு நீ தச்சது."

"ஆமா. வயித்துத் தோல வெச்சித் தச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். நீ எண்ணினது சரி அண்ணே."

முனிரத்தினம் கைத் தூசியைத் தட்டினார். திட்டுவார் என்று செங்கல்வராயன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை.

"இத என்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே, நான் எண்ணினது சரின்னு. உள்ள வா. தொரைகிட்ட சொல்லு."

ட்ரெய்னர் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். குதிரைக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். அவர்கள் முன்னால் செங்கல்வராயன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பழைய வாரைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கொக்கியில் மாட்டிக் காலால் மிதித்துக் காட்டினார். அது இழுபட்டது. தன் கையால் மினுக்கிய தோல் எல்லோர் கண்ணெதிரிலும் நீண்டதைப் பார்க்க அவருக்குக் காது சுட்டது. ஒரு குதிரைக்காரர், "தூ" என்றார். அது தோலைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று செங்கல்வராயன் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க கம்பெனியில யார் இதுக்குப் பொறுப்பு?" என்றார் ட்ரெய்னர்.

"கம்பெனி இல்லிங்க. நான்தான். செங்கல்வராயன்."

ட்ரெய்னர் பேனாவை மூடினார். பிறகு முனிரத்தினத்திடம், "போய் செவலையைத் தேய்" என்றார். புது வாருக்காகச் செங்கல்வராயனை நோக்கிக் கையை நீட்டினார்.

செங்கல்வராயன் செய்தித்தாளைப் பிரித்தார். வார்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ட்ரெய்னரின் கையைத் தாண்டி, முகத்தைப் பார்க்காமல் முனிரத்தினத்திடம் நீட்டினார். முனிரத்தினம் நிஜாரில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.