வியாழன் இரவு இரண்டு மணி

பழைய பதிப்புக்குத் திரும்பியது தவறென்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் செய்த தவறு வேறு. "வயசானவர், கம்ப்யூட்டர் தெரியாம எதையோ அழுத்திட்டார்" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தெரிந்துதான் அழுத்தினேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றபின், பூதலூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் பாசனச் சங்கத்துக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். ஊருக்கு ஒன்றாகப் பதினொரு தளங்கள். எல்லாம் ஒரே வலையமைப்பில். அதற்கு நிர்வாகி நான் ஒருவன்தான். தண்ணீர் குறைவாக வரும் நாட்களில் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்புவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கணினிக்கு நள்ளிரவில் நாள் மாறும். எங்கள் ஆட்களுக்கு விடிந்தால்தான் நாள் மாறும். வெள்ளிக்கிழமை படுத்து இரண்டு மணிக்கு எழுந்தால் அது வெள்ளி ராத்திரிதான். யாரும் சனிக்கிழமை என்று சொல்ல மாட்டார்கள். அதனால், முறைப் பட்டியலைக் காட்டும் பிளகின் என்ற துணைநிரலில் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கும்படி அமைத்து வைத்திருந்தேன். கணினிதான் எங்களுக்கு ஏற்றபடி மாற வேண்டும் என்பது என் கட்சி. இன்றும் அதுதான்.

சம்பா நடவு முடிந்த சமயம், அந்தப் பிளகினும், தளங்களின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமும் என்னைக் கேட்காமலே புதுப் பதிப்புக்கு மாறிவிட்டன. புதுத் தீமில் தமிழ் எழுத்துகள் எறும்பு ஊர்வது போல் இருந்தன. புதுப் பிளகினில் ஆறு மணி அமைப்பையே எடுத்துவிட்டார்கள். வெள்ளி ராத்திரி முறையெல்லாம் சனி என்று காட்டியது.

கடைமடை ஊரின் தளத்தில் பட்டியலைப் பதிவிடுபவர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை. அவர் அன்றே போன் செய்தார்.

"சார், சனின்னு பார்த்தா இங்க எல்லாரும் சனி ராத்திரி மடைக்குப் போயிடுவாங்க. நான் எங்க ஊருக்கு மட்டும் ஒரு நாள் முன்னாடி போட்டுச் சரி பண்ணிட்டேன். சொல்லணும்னு தோணிச்சு."

"ம்" என்றேன். என்னைக் கேட்காமல் கை வைத்துவிட்டாரே என்ற எரிச்சல் எனக்கு.

நான்கு நாள் கழித்து, முந்தைய பதிப்புகளுக்குத் திருப்பும் கருவி ஒன்றை நிறுவினேன். பிளகினுக்கும் தீமுக்கும் எதிரே பழைய பதிப்பு எண்கள் வரிசையாக நின்றன. வேண்டியதைத் தேர்ந்தேன். ஒரு தளத்துக்கு மட்டுமா, வலையமைப்பு முழுவதற்குமா என்று கேட்டது. முழுவதற்கும் என்றேன். பதினொரு தளங்களும் பழையபடி ஆயின. சங்கத் தலைவர் போனில் சிரித்தார். "எல்லாருக்கும் பழையதே போட்டுட்டீங்களா சார்? ஊறுகாய் உண்டா?" எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கருவி நிரலைத்தான் பழையபடி ஆக்கும். மனிதர்கள் இடையில் கைப்பட எழுதியதை அது தொடாது. இது எனக்குத் தெரியும். ஆசிரியை ஒரு நாள் முன்னால் போட்டது அப்படியே இருக்கும், அதன்மேல் என் ஆறு மணிக் கணக்கு இன்னொரு நாள் முன்னால் இழுக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியதுதான். அவர் போனில் சொன்னதோ அந்த "ம்"மோடு என் காதில் நின்றுவிட்டது. ஆசிரியையோ அந்த வாரம் நாகப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருந்தார்.

கடைமடையில் ஆறு மா நிலத்தில், ஏக்கர் கணக்கில் இரண்டு, குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த ஒரு பெண்மணி. கணவர் சிங்கப்பூரில். வெள்ளி இரவு இரண்டு மணிக்கு அவர் முறை. அந்த வாரம் அந்த ஊரில் நள்ளிரவு தாண்டிய முறை அது ஒன்றுதான். தளம் அவருக்கு வியாழன் இரவு இரண்டு மணி என்று காட்டியது. போய் மடையைத் திறந்தார். அது பக்கத்து ஊர்த் தளத்தில் சரியாகப் பதிவாகியிருந்த மேல்வயல்காரரின் முறை.

வெள்ளி விடிந்ததும் தலைவர் போன் செய்தார். "கடைமடையில தண்ணித் திருட்டு சார். பத்து மணிக்குக் கூட்டம், வந்துடுங்க." தளத்தைத் திறந்தேன். ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அடுத்த நிமிடத்தில் நான் செய்ததுதான் இந்த எழுத்துக்குக் காரணம். பதிவை வெள்ளி இரவு என்று திருத்தினேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பூதலூர் ரயிலுக்குப் போனேன்.

கூட்டத்தில் அந்தப் பெண்மணி நிமிர்ந்துதான் நின்றார்.

"வியாழன் ராத்திரின்னு போட்டிருந்துச்சு. பார்த்துட்டுத்தான் போனேன்."

"ஏம்மா, ஊருக்கெல்லாம் ஒரு காலண்டர், உனக்கு மட்டும் தனியா அடிச்சுக் குடுத்தாங்களா?" என்றார் மேல்வயல்காரர்.

"இருங்க, காட்டுறேன்" என்று கைப்பேசியைத் திறந்தார். வெள்ளி இரவு என்று இருந்தது. விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒருமுறை என்னையும் பார்த்தார். நான் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முறை தவறி மடை திறந்தால் அடுத்த முறை கிடையாது என்பது சங்கத்தின் வழக்கம். அன்றிரவுத் தண்ணீர் அவருக்கு இல்லை என்று ஆனது. இனி அடுத்த வெள்ளி வரை காத்திருக்க வேண்டும். நட்டு இருபது நாள் ஆன பயிர்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நாற்பது வருடம் மாணவர்களின் செய்முறை ஏட்டில் திருத்திய அளவைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். திங்கட்கிழமை தலைவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நல்ல மனிதர். "விடுங்க சார். கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டுடுவோம். உங்களை யாரு என்ன சொல்லப் போறாங்க?"

"கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலைங்க. நான் சொன்னதைத்தான் செஞ்சுது."

"சங்கத்துக்குக் கெட்ட பேரு சார்."

"அந்தம்மாவுக்கு வந்திருக்கிறதை விடவா?"

அவருக்குக் கோபம். எனக்கும்தான். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்மணிக்குத் தனியாக ஒரு முறை ஒதுக்கினார்கள். அதற்குள் மேட்டு வயலில் இரண்டு மா வெடித்து, பயிர் கருகியிருந்தது. திங்களன்றே வீடு திரும்பியதும், தலைவரைக் கேட்காமல், பதினொரு தளங்களின் முகப்பிலும் ஓர் அறிவிப்பு வைத்தேன். இன்ன ஊர்ப் பெண்மணி தண்ணீர் திருடவில்லை, நிர்வாகியின் பிழை என்று. எடுங்கள் என்று நான்கு பேர் போன் செய்தார்கள். முடியாது என்றேன். வேறு நிர்வாகியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவரை இருக்கும் என்றேன்.

ஐந்தாவது போன் அந்தப் பெண்மணியுடையது.

"அதை எடுத்துடுங்க சார்."

"உங்களுக்காகத்தாம்மா போட்டேன்."

"என் ஊரைப் போட்டு, பக்கத்துல திருட்டுன்னு போட்டிருக்கீங்க. இல்லைன்னு சேர்த்தா மட்டும் அந்த வார்த்தை போயிடுமா? இதுவரைக்கும் இந்த வாய்க்காலுக்குத்தான் தெரியும். இப்போ சிங்கப்பூர்ல அவர் கூட வேலை பாக்குறவங்க கேக்குறாங்க. தப்பு பண்ணது நீங்க. நடுவுல நான் எதுக்கு?"

 மன்னிப்பு என்று தொடங்கினேன். "தண்ணி வருது, நான் போகணும்" என்று வைத்துவிட்டார்.

முகப்பை மாற்றி எழுதினேன். அவரும் இல்லை, அவர் ஊரும் இல்லை, திருட்டும் இல்லை. "முறைப் பட்டியலில் தவறான நாள் வெளியானது. அதற்குக் காரணம் நான். அதை யாருக்கும் தெரியாமல் திருத்தி, கூட்டத்தில் மறைத்தேன்" என்று மூன்று வரி, கீழே என் பெயர். பெரிய எழுத்தில் இருக்கிறது. பழைய தீமில் நன்றாகவே தெரிகிறது.